சிவப்புத் திட்டுப் போட்ட சட்டை

கிரான்,
மார்கழி, ஞாயிறு.

அன்பு மகள் யசோதினிக்கு,

நீயும் மருமகனும் அந்தப் பனிக்குள் ஒரு குறையும் இல்லாமல் இருக்க மாமாங்கேஸ்வரர் துணை நிற்கட்டும். இங்கே நாங்கள் இருவரும் சுகம், அப்பாவின் இழுப்பும் இந்த மாரிக்கு அவ்வளவு இல்லை. போனில் இதை முழுவதும் சொல்லி முடிக்க என்னால் ஏலாது, அதனால் எழுதி, லீவு முடிந்து சுவிசுக்குத் திரும்புகிற உன் கூட்டாளி மேனுகாவிடம் கொடுத்துவிடுகிறேன். முதலிலேயே சொல்லிவிடுகிறேன், அப்பா வீட்டில்தான் இருக்கிறார், முற்றத்தில் மண்வெட்டிக்குப் பிடி போடுகிறார். பயப்படாமல் வாசி.

பழைய சாமான் சந்தையில் வாங்கினேன் என்று ஒரு தடித்த சட்டை அனுப்பினாயே, அதைப் பற்றித்தான். பச்சை, மண்ணிறம், கறுப்பு, அங்கங்கே வெள்ளை, நடுவே திட்டுத் திட்டாய்ச் சிவப்பு, பார்க்கிற இடமெல்லாம் பொக்கட். நான் கண்டவுடனே அலுமாரியின் அடித்தட்டில் வைத்துவிட்டேன். அப்பாதான் வட்டை வயலில் யானைக் காவலுக்குப் போகக் குளிருக்கு நல்லம் என்று எடுத்தார். ஆமிச் சட்டை மாதிரிக் கிடக்கு, போடாதங்க என்றேன். சிவப்புப் பூப் போட்ட ஆமி எங்க இருக்கு என்று சிரித்துக்கொண்டு போனார். காலையில் சைக்கிளில் திரும்பி வரும்போது ரோந்து வந்த பொலிஸ்காரர்கள் மறித்து, இது எந்த இயக்கத்துச் சட்டை, யார் தந்தது என்று கேட்டிருக்கிறார்கள். மகள் அனுப்பினது என்பதைத் தவிர அவருக்கு வேறொன்றும் தெரியாது. ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள்.

ஓட்டமாவடியில் துணிக்கடை வைத்திருக்கிற முனாப் தம்பிதான் அதைக் கண்டு என்னிடம் ஓடி வந்தது. அக்கா, பயப்புடாதங்க, எனக்குச் சிங்களம் தெரியும், நான் கூட வாறன் என்றது. உனக்குப் போன் எடுத்தேன், அங்கே விடியவில்லை, நீ எடுக்கவில்லை. சின்ன விசாரணை என்று சொல்லித்தான் தொண்ணூறில் ஆமிக்காரர்கள் என் தம்பியையும் கூட்டிக்கொண்டு போனார்கள், சுவரில் படமாக மட்டும் நீ கண்ட சாமித்தம்பி மாமாவை. எந்தச் செருப்பைப் போட்டுக்கொண்டு பொலிசுக்கு ஓடினேன் என்றுகூட நினைவில்லை.

அங்கே அப்பா பெனியனோடு வாங்குப் பலகையில் இருந்தார், இரண்டு கையையும் தலைக்குப் பின்னால் கோத்துக்கொண்டு. யாரும் அப்படி இருக்கச் சொல்லவில்லை மகள். கையை இறக்குங்கள் என்று ஒரு பொலிஸ்காரப் பிள்ளை திரும்பத் திரும்பச் சொல்கிறது, அவருக்குக் கேட்கவே இல்லை. நான் போய்ப் பிடித்து இறக்கிவிட்டேன்.

மேசையில் சட்டை விரித்துக் கிடந்தது. பொலிஸ் பெரியவர் சிங்களத்தில் கேட்க, முனாப் எனக்குச் சொன்னது. நான் சொன்னேன், ஐயா, இந்தியாக்காரன்ட சட்டையும் கண்டிருக்கன், உங்கட சட்டையும் கண்டிருக்கன், இயக்கப் பொடியன்கள்ற வரிச் சட்டையும் கண்டிருக்கன், எந்தச் சட்டை வந்தா எந்தப் பக்கம் ஓடணும் எண்டு தெரிஞ்சுதான் நாங்க உசிரோட இருக்கம், ஒண்டிலயும் சிவப்பு இல்ல. முனாப் அதைச் சொல்லி முடிக்க, அவர் சட்டையைப் புரட்டினார். கழுத்துக்குக் கீழே மங்கிப் போன முத்திரை, அதற்குள் சின்னச் சிலுவை. அதைப் போனில் படம் எடுத்துத் தேடினார். அதே திட்டுகளோடு அதே சட்டை வந்தது. சுவிஸ் ஆமி முந்திப் போட்டது, இப்போது அங்கே யாரும் வாங்கலாமாம். தன்னைவிட வயது கூடின சட்டை என்று சிரித்தார். ஆனால் இங்கே ஆமியில் இல்லாத ஆட்கள் இந்த மாதிரிச் சட்டை போடுவது சட்டத்துக்கு ஆகாதாம், திருப்பித் தர முடியாது என்றார். அப்பாவை விட்டுவிட்டார்கள்.

மத்தியானம் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தவர் திடீரென்று சொன்னார், தொண்ணூறில அண்டைக்குச் சாமித்தம்பி எனக்குப் பக்கத்திலதான் இருந்தவன் என்று. இத்தனை வருசத்தில் இதை என்னிடம் சொன்னதே இல்லை. எல்லாரையும் கையைத் தலையில் வைத்து இருத்தியிருந்தார்களாம். தம்பியின் பெயரைக் கூப்பிட, எழும்பிச் சாரத்தை இறுக்கிக் கட்டிக்கொண்டு, மச்சான், அக்காட்ட நான் வாறன் எண்டு சொல்லுங்க என்றானாம். அவன் வரல்ல, நான் எப்படிச் சொல்ற என்று கேட்டார். எனக்குக் கோபம் வரவில்லை. எழும்பிப் போய் அவருடைய சோற்றுக்கு மோர் ஊற்றினேன். சாப்பிட்டு முடியும்வரை பக்கத்திலேயே இருந்தேன்.

இதில் உன் பிழை ஒன்றும் இல்லை. நீ பிறக்க முன்பு நடந்தது, நாங்களும் பிள்ளைகளுக்குச் சொல்லவில்லை. இனி அனுப்புவதென்றால் ஒரே நிறத்தில் அனுப்பு, நீலம் நல்லது. இரும்புச் சத்துக் குளிசையை விடாதே, வேலைக்கு வெறும் வயிற்றோடு போகாதே. முனாப் தம்பியின் மகள் றுமானாவுக்குத் தையில் கல்யாணம், மறக்காமல் போன் எடுத்து வாழ்த்து. உங்கள் இருவருக்கும் கையும் காலும் சுகமாக, கதவைத் தட்டுகிறவனுக்குப் பயப்படாத வாழ்வு கிடைக்கட்டும். நான் எழுதுவதை அப்பா எட்டிப் பார்த்துவிட்டு, சட்டை நல்ல சூடு எண்டு எழுது, இல்லாட்டிப் புள்ளைக்கு மனம் நோகும் என்கிறார். எழுதிவிட்டேன்.

உன்னை நினைத்தபடி,
அம்மா சீதேவிப்பிள்ளை