ஒரு குப்பி பெட்ரோலில் காரக்கோணம் தாண்டிய அண்ணனுக்கு

என்னோடு ஒரே வயிற்றில் பிறந்த அண்ணா,

நேற்று உன் வண்டியின் எஞ்சினைப் பிரித்தோம். நெய்யாற்றின்கரையில், பட்டப்பகலில், பத்துப் பேர் பார்க்கும்படி. இயக்கத்துத் தங்கப்பனும் வந்தார், போலீஸ் ஏட்டு வேலாயுதனும் வந்தார். நான்தான் ஆள் விட்டு இருவரையும் வரச் சொன்னேன். நீ இருந்திருந்தால் வேண்டாம் என்றிருப்பாய்.

என்ன செய்ய? நீ போய் இரண்டு மழை கழிந்தும் ஊர் உன்னை விடவில்லை. எல்லையில் கோடு போட்டு முடித்துவிட்டார்கள். விளவங்கோடு தமிழ்நாட்டுக்குப் போயிற்று, நாம் இங்கேயே கேரளத்தில் நின்றுவிட்டோம். உன்னைப் பற்றிய பேச்சு மட்டும் முடியவில்லை. போன வாரம் பனச்சமூடு சந்தையில் எனக்குக் கேட்கட்டும் என்றே ஒருத்தன் சொன்னான்: "அவன் ரெண்டு பக்கத்திலயும் பெட்ரோல் வாங்கினவனாக்கும். செத்தவனைச் சொல்லப்படாது, இருந்தாலும் உள்ளதைச் சொல்லணும்லா?"

உள்ளது என்ன என்று அவனுக்கு என்ன தெரியும்? எனக்கே முழுதாகத் தெரியுமா?

தமிழ்நாட்டோடு சேர வேண்டும் என்று போராட்டம் மூண்ட மாதங்களில் பங்க் பாதி நாள் அடைத்துக் கிடந்தது. திறந்த நாளிலும் வண்டிக்கு இவ்வளவுதான் என்று அளந்து ஊற்றினார்கள். லாரிகள் நின்றன, வாடகைக் கார்கள் நின்றன. கை சுழற்றிக் கிளப்ப வேண்டிய நம் பழைய வண்டி மட்டும் ஒற்றசேகரமங்கலத்துக்கும் காஞ்சிரங்குளத்துக்கும் ஓடியது. நான் பிரசவம் பார்க்கிற நர்சு. வலி வந்த வீட்டுக்கு நாளை வருகிறேன் என்று சொல்லி அனுப்ப முடியாது. இது ஊருக்கும் தெரியும். ஆனாலும் எல்லாருடைய கண்ணும் நம் வண்டியின் சக்கரத்தில்தான் இருந்தது.

போலீஸ்காரர்களுக்கு, இயக்கத்துக்காரர்கள் உனக்குப் பெட்ரோல் ஒளித்துக் கொடுக்கிறார்கள் என்று சந்தேகம். இயக்கத்துக்காரர்களுக்கு, போலீஸ் கொடுக்கிறது, பதிலுக்கு நீ ஆள் காட்டிக் கொடுக்கிறாய் என்று சந்தேகம். நாம் போனால் சாயக்கடையில் பேச்சு நின்றுவிடும். பாலத்தடியில் ஒருவர் பின் ஒருவராக ஆள் உட்கார்ந்து நாம் போவதையும் வருவதையும் பார்த்தார்கள். இரண்டு முறை டயரில் ஆணி. யார் வைத்தது என்று நீ கேட்கவே இல்லை. நான் இன்றும் முகம் முகமாகப் பார்த்துக்கொண்டுதான் நடக்கிறேன்.

நீ செய்தது ஒன்றும் மந்திரம் இல்லை. கார்புரேட்டரில் பெட்ரோல் வருகிற சின்னத் துளையை ஈயம் வைத்து அடைத்து, அதைவிடச் சின்னதாகத் துளைத்தாய். காற்று கூட, பெட்ரோல் குறைய, திருகைத் திருப்பி வைத்தாய். பொறி விழுகிற நேரத்தைக் கொஞ்சம் முன்னால் தள்ளினாய். நான் கேட்டதற்கு அடுக்களையைக் காட்டினாய்.

"அடுப்புல விறகைக் குத்தித் திணிச்சா என்ன ஆவும்?"

"புகையும்."

"இந்த வண்டியும் இதுவரை புகைஞ்சிட்டுத்தான் கிடந்தது. பாதி பெட்ரோல் சும்மா வெளிய போவுது பிள்ளே. காத்து கேறினாத்தான் எரியும்."

பிறகு பிளக்கைக் கழற்றி உள்ளங்கையில் வைத்தாய். கறுத்திருந்தால் வண்டி தீனி அதிகம் தின்கிறது, வெளுத்திருந்தால் பட்டினி கிடக்கிறது, தவிட்டு நிறம்தான் கணக்கு என்றாய். உன் கையில் இருந்தது சுண்ணாம்பு மாதிரி வெளுத்திருந்தது.

"இது பட்டினில்லா?"

"கொஞ்ச நாள் பட்டினி கிடக்கட்டும். எஞ்சின் சூடாவும், வால்வு கருகும். எனக்குத் தெரியும். பங்க் ஒழுங்கா திறக்கட்டும், மாத்திரலாம்."

பட்டினி வண்டிக்கு ஏற்றத்தில் வலு இருக்காது. குன்று வந்தால் என்னை இறக்கிவிடுவாய். பையைத் தூக்கிக்கொண்டு நான் பின்னால் நடப்பேன். அதையும் பார்த்துவிட்டு, நர்சு இறங்கி யாருக்கோ சீட்டு கொடுக்கிறாள் என்று பேசினார்கள். சிரிப்பதா அழுவதா சொல்.

அந்தப் பனச்சமூடு மத்தியானம் உனக்கு மறந்திருக்காது. மலைப்பக்கத்தில் ஒரு தலைச்சன் பிரசவம் முடித்து வந்துகொண்டிருந்தோம். சந்தைக்கு நடுவில் வேகம் கூட்டினாய். காற்று மிஞ்சிய வண்டி கார்புரேட்டர் வழியாகத் தும்மியது. டப்பென்று ஒரு சத்தம். அந்த நாட்களில் அப்படி ஒரு சத்தத்துக்கு ஒரே அர்த்தம்தான். கூடை கவிழ்ந்தது, மரச்சீனிக் கிழங்கு உருண்டது, பெண்கள் பிள்ளைகளை இடுக்கிக்கொண்டு ஓடினார்கள். வேலாயுதன் ஏட்டு நான்கு போலீஸ்காரர்களோடு பாய்ந்து வந்து உன் சட்டைக் காலரைப் பிடித்து வெளியே இழுத்தார்.

"தோக்கு எவிடெடா?"

வண்டி இருக்கையைப் புரட்டினார்கள். என் பையைக் கொட்டினார்கள். துப்பாக்கிக்குப் பதில் பஞ்சும் கத்தரிக்கோலும் விழுந்தன. அதற்குள் எதிர்ப்பக்கத்திலிருந்து இயக்கத்துத் தங்கப்பன் ஆட்களோடு வந்துவிட்டார். உன்னை மீட்க வருகிறார் என்றுதான் நினைத்தேன். துப்பாக்கி இல்லை என்றானதும் ஏட்டு கேட்டதும் அவர் கேட்டதும் ஒன்றேதான்: "பெட்ரோல் எங்கேருந்துலே?"

நீ சட்டையைச் சரிசெய்துகொண்டு சொன்னாய்: "டாங்கில உள்ளதை எல்லாம் வடிச்சு எடுங்க. ஒரு குப்பி மட்டும் அளந்து ஊத்துங்க. ஏட்டும் ஏறணும், தங்கப்பண்ணனும் ஏறணும். எங்க நிக்குதோ அங்க வச்சு என்னைக் கேளுங்க."

வாடகைக் கார் ஓட்டுகிற ஒருவர் கூட்டத்திலிருந்து கத்தினார்: "இந்தப் பழைய சாமானம் ஒரு குப்பிக்குக் காரக்கோணம் எட்டாது!"

டாங்கியை வடித்தார்கள். ஒரு சோடாக் கடைக் குப்பியால் அளந்து ஊற்றினார்கள். வடித்த பெட்ரோல் தகரத்தில், தகரம் தங்கப்பன் மடியில். முன்னால் ஏட்டு. நான் பின்னால், உயிரைப் பல்லில் கடித்துக்கொண்டு. வண்டி நடுவழியில் நின்றால் உன்னை எந்தப் பக்கம் இழுப்பார்கள் என்றுதான் என் யோசனை முழுவதும். நீ ஆக்சிலேட்டரை மிதிக்கவில்லை, தடவினாய். இறக்கத்தில் தானாக உருள விட்டாய். எஞ்சின் சூட்டில் ஏட்டின் கால் வெந்தது. காரக்கோணம் வந்தது. நிற்கவில்லை. கடைகள் தாண்டி, வளைவு தாண்டி, ஒரு ரப்பர் தோட்டத்தின் ஓரத்தில் இரண்டு முறை தும்மிவிட்டு அணைந்தது.

நான் கும்பிட்டேன். முடிந்தது என்று நினைத்தேன்.

தங்கப்பன் இறங்கி வண்டிக்கு அடியில் குனிந்தார். "வேற சின்ன டாங்கி ஒண்ணு உண்டு, ஏட்டே. நல்லா நோக்கணும்." ஏட்டு தகரத்தை மோந்து பார்த்தார். "இவன் இதில் எந்தோ கலக்குந்நுண்டு." நீ எதையோ கலக்கிறாயாம். ஒருவர் சொல்ல மற்றவர் தலையாட்டினார். அத்தனை மாதமாக ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காதவர்கள், உன்னை நம்பக் கூடாது என்பதில் ஒரே கட்சி ஆகிவிட்டார்கள். நீ வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாய். எனக்குச் சிரிப்பு வரவில்லை. கையில் ஒன்றும் கிடைக்காததால் விட்டார்கள், அவ்வளவுதான்.

பிறகு அந்த மழையில் உனக்குக் காய்ச்சல் கண்டது. திருகை மாற்றி வைக்க உனக்கு நாள் கிடைக்கவில்லை. உன்னை எடுத்த அன்று தங்கப்பன் மாலையோடு வந்தார். போகும்போது கொட்டகையில் வண்டிக்கு அடியில் குனிந்து பார்த்துவிட்டுப் போனதை நான் ஜன்னல் வழியாகப் பார்த்தேன்.

அதனால்தான் நேற்று வரச் சொன்னேன். பட்டறை மேஸ்திரி முதலில் பிளக்குகளைக் கழற்றினார். எல்லாம் வெளுப்பு. பிறகு மேல்மூடியைத் தூக்கி, புகை போகிற வால்வுகளை எடுத்துத் துணியில் வைத்தார். ஒன்றின் விளிம்பு எலி கடித்த முறுக்கு மாதிரி தின்று போயிருந்தது.

"பெட்ரோல் பத்தாம ஓட்டியிருக்கு. அந்தச் சூட்டில கருகினது. வேற எதாவது கலந்திருந்தா இங்க அட்டக்கரி நிக்கும். பாருங்க, சுத்தம்."

தனி டாங்கியும் இல்லை, ஒட்டுக் குழாயும் இல்லை. ஏட்டு வால்வை எடுத்து வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அவருக்குத் தலை முழுக்க நரைத்துவிட்டது அண்ணா. மெல்லச் சொன்னார்: "பெட்ரோள் கையிலுள்ளவன் எந்தினா வண்டி இங்ஙனெ கொல்லுந்நது?" பெட்ரோல் தாராளமாகக் கிடைத்தவன் வண்டியை ஏன் இப்படிக் கொல்ல வேண்டும்? நான் இத்தனை நாள் தேடிய வாக்கியத்தை ஒரு போலீஸ்காரர் சொன்னார். என்னால் அங்கே நிற்க முடியவில்லை. வெளியே போய் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தேன்.

தங்கப்பன் மட்டும் மேஸ்திரியை ஒரு மாதிரிப் பார்த்தார். "இது இந்த வண்டில உள்ள வால்வுதானா, வேற எதுவுமா?"

எனக்கு வந்த ஆத்திரத்தில் ஸ்பானரை எடுத்திருப்பேன். மேஸ்திரி அந்த வால்வை அதன் குழியில் திரும்ப இறக்கிக் காட்டினார். கருகிய இடமும் குழியின் தழும்பும் ஒன்றோடொன்று பொருந்தின. தங்கப்பன் தோளில் துண்டைப் போட்டுக்கொண்டு, சொல்லாமல் கொள்ளாமல் பஸ் ஏறிவிட்டார்.

அதே மனிதர் இன்று விடியற்காலை நம் வாசலில் நிற்கிறார். மருமகளுக்கு மாதம் ஆகிவிட்டதாம். வீடு குன்றின் மேல்.

"வண்டி என்னைக்கு ஓடும் மக்கா?"

"என்னத்துக்கு? அடியில குனிஞ்சு பாக்கவா?"

அவர் தரையைப் பார்த்தார். "உங்க அண்ணன் இருந்தா கேட்டிருக்க மாட்டாரு. வாறேன்னு மட்டும் சொல்லியிருப்பாரு."

நம்பிவிட்டாரா, காரியத்துக்காக நம்பியது போல் பேசுகிறாரா? எனக்குச் சந்தேகம்தான். உன்னைப் பற்றியும் ஒன்று பாக்கி இருக்கிறது. எந்தப் பக்கம் சேர வேண்டும் என்று நீ ஆசைப்பட்டாய்? ஒரு நாள்கூடச் சொல்லவில்லையே. கேட்டால் காற்றோட்டம், திருகு என்று பேச்சை மாற்றுவாய். என்னைக்கூட நம்பவில்லையா?

இருக்கட்டும். புது வால்வு வந்துவிடும். துளையைத் தவிட்டு நிறத்துக்கு எவ்வளவு வேண்டுமோ அவ்வளவுக்குத்தான் வைக்கச் சொல்லியிருக்கிறேன். ஸ்டியரிங் பிடிக்க மேஸ்திரியின் வண்டியில் கற்கிறேன். போன வாரம் ஒரு தென்னையை இடிக்கப் பார்த்தேன். கோட்டுக்கு அந்தப் பக்கம் வலி வந்தாலும் இந்தப் பக்கம் வந்தாலும் போவேன் அண்ணா, இது உன் மேல் சத்தியம். தங்கப்பன் வீட்டுக்கும் போவேன். அவரைக் குன்றின் அடியில் இறக்கி நடக்க வைத்து.

வாறேன் என்று சொல்லிவிட்டேன்.

உன் வண்டிக்குப் பின்னால் பையோடு நடந்த,
உன் ஒரே தங்கச்சி,
ராஜம்