மாவுக்கட்டுக்குள் ஸ்போக்ஸ் கம்பி

அன்புள்ள அக்காவுக்கு,

நீயும் அத்தானும் சுகம் என்று நம்புகிறோம். இங்கே மூன்று பேரில் இரண்டு பேர் சுகம். வழக்கமாக அம்மா சொல்லச் சொல்ல அப்பாதான் உனக்கு எழுதுவார். இந்தத் தடவை அவர் எழுதினால் பொய்தான் எழுதுவார் என்று அம்மா என்னை எழுதச் சொல்லிவிட்டாள். ஆஸ்பத்திரி வராந்தாவில் பெஞ்சில் உட்கார்ந்து மடியில் வைத்து எழுதுகிறேன், எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்.

முதலில் நான் கவனித்தது அப்பா கால் வைக்கும் தலையணையின் உறையை. குதிகால் படும் இடத்தில் காசளவுக்கு மஞ்சளாக ஒரு கறை, ஓரம் பழுப்பு. பள்ளிக்கூடத்தை விட்டுச் சலவைக் கடைக்குப் போக ஆரம்பித்து இரண்டு வருஷமாகக் கடையின் பின்கட்டில் ஊரார் அழுக்கைத்தானே பிரிக்கிறேன், வியர்வை எது, எண்ணெய் எது, குழந்தை கக்கிய பால் எது என்று மூக்கே சொல்லிவிடும். இது சீழ்.

அப்பா சைக்கிளோடு சாக்கடை மூடியில் விழுந்ததும், முழங்காலுக்குக் கீழே எலும்பு உடைந்து ஆறு வாரத்துக்கு மாவுக்கட்டு போட்டதும் உனக்குத் தெரியும். அதற்குப் பிறகு வீட்டில் நடந்த கூத்து தெரியாது. நாலாவது நாளே சைக்கிளைக் கூடத்துக்குள் கொண்டுவரச் சொல்லி, பின்சக்கரம் தரையில் படாமல் ஸ்டாண்டில் நிறுத்தி, கட்டுப் போட்ட காலை ஸ்டூலில் நீட்டிக்கொண்டு ஒற்றைக் காலால் மிதிக்க ஆரம்பித்துவிட்டார். கண்ணை மூடிக்கொண்டு, மேடு வருது, கியரைக் குறை என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்வார். மூக்கு நுனியிலிருந்து வியர்வை சொட்டித் தரையெல்லாம் குளம். அது கட்டுக்குள்ளும் இறங்கும். நனைந்த பனியனைக் கழற்றி நான் சாப்பிட உட்காரும் நாற்காலியில்தான் போடுவார். காய்கறி கழுவும் பாத்திரத்தில் மண்ணெண்ணெய் ஊற்றிச் செயினை ஊறப்போட்டார். அம்மா கத்தியதற்கு, செயின் உன் காய்கறியைவிடச் சுத்தம்டி என்றார். ஞாயிறுதோறும் அவரோடு சைக்கிள் ஓட்டும் கூட்டாளிகள் எட்டுப் பேரும் ஓட்டி முடித்த வியர்வை ஈரத்தோடு வந்து நம் கட்டிலிலேயே உட்கார்ந்து, எந்த வளைவில் யார் யாரை முந்தினார்கள் என்று கதை சொல்வார்கள், அப்பா பசித்த பிள்ளை மாதிரி வாயைப் பார்த்துக்கொண்டிருப்பார். அவர்கள் போன பிறகு மெத்தை உறையைத் துவைப்பது யார்?

இதையெல்லாம்கூடப் பொறுத்தேன். கட்டுக்குள் அரிக்கிறது என்று அப்பா சொன்னதும், மருந்துக்கடை வைத்திருக்கிறாரே, அந்த மாமா பையிலிருந்து ஒரு ஸ்போக்ஸ் கம்பியை எடுத்தார். அவர்கள் கூட்டத்தில் யாருக்கு எலும்பு உடைந்தாலும் அந்த ஒரே கம்பிதான் வீடு வீடாகப் போகுமாம், கட்டுக்குள் விட்டுச் சொறிவதற்கு. மூணு காலும் ஒரு கையும் பார்த்த கம்பிடா இது, பத்திரமா வெச்சுக்கோ என்று சொல்லி, தொடையில் ஒரு துடைப்பு துடைத்து, பரிசு மாதிரி நீட்டினார். எல்லாரும் கைதட்டினார்கள். அப்பா அன்றைக்கே சொறிய ஆரம்பித்தார், சொறிந்த கம்பியை முகர்ந்தும் பார்ப்பார். எரிச்சல் வந்ததும் கட்டுக்குள் பவுடரைக் கொட்டினார். அது வியர்வையில் குழைந்து கூழாகிவிட்டது.

உறையைக் காட்டி அப்பாவிடம் கேட்டேன். உஷ், உங்கம்மாகிட்ட வாயைத் திறக்காதே, டாக்டர்கிட்டப் போனா கட்டைப் பிரிச்சுட்டு மறுபடி முதல்லேருந்து ஆறு வாரம்னுடுவாரு, அப்புறம் நான் ஓட்டறது எப்போ என்றார். நான் வாயைத் திறக்காதவள் என்று அவருக்குத் தெரியும். அம்மாவோ, எல்லாம் அந்த எட்டுப் பேர் நாத்தம்தான் என்று ஜன்னலைத் திறந்துவைத்துவிட்டு வேலைக்குப் போய்விடுவாள். இரண்டு நாள் நானும் சும்மா இருந்தேன். அதை நினைத்தால் என் மேலேயே அருவருப்பாக இருக்கிறது.

இன்று ஞாயிறு, காலையில் அந்த எட்டுப் பேரும் வந்தபோது தண்ணீர் கொண்டுபோனேன். டம்ளரை வாங்கிய அப்பாவின் கை கொதித்தது. கால்விரல்கள் வீங்கிப் பளபளத்தன. அவர்கள் ஏதோ மேட்டைப் பற்றிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். அந்த மாமாக்கள் முன்னால் நான் இதுவரை ஒரு வார்த்தை பேசியதில்லை, உனக்கே தெரியும். தட்டைக் கீழே வைத்துவிட்டு, மாமா, நீங்க கொடுத்த கம்பியோட லட்சணத்தைக் குனிஞ்சு மோந்து பாருங்க என்றேன். என் குரலா என்று எனக்கே சந்தேகம். ஊமைப் பொண்ணு பேசுதுடா என்று ஒருவர் சிரித்தார். மருந்துக்கடை மாமா அப்பாவின் கட்டருகே குனிந்தார், நிமிர்ந்தபோது முகத்தில் ரத்தமே இல்லை. டேய், காரை எடு என்றார். தூக்கிக்கொண்டு போகும்போதும் அப்பா, சைக்கிள் மேல துணி போட்டு மூடு என்று என்னைப் பார்த்துக் கத்தினார்.

இன்னும் நாலு நாள் விட்டிருந்தால் சீழ் எலும்பில் ஏறியிருக்கும், அப்புறம் காலை எடுப்பதுதான் வழி என்றார் டாக்டர். கட்டை வெட்டிப் பிரித்ததும் நாற்றம் வராந்தாவரைக்கும் வந்தது. நர்ஸ் எட்டிப் பார்த்து, புண்ணைக் கழுவணும், அவர் உதைக்கிறாரு, காலைப் பிடிச்சுக்க யாராவது வாங்க என்றார். வேலைக்குப் போன அம்மா இன்னும் வந்து சேரவில்லை. மேடு ஏறிய சூரர்கள் எட்டுப் பேரில் ஒருவருக்குப் போன் வந்தது, ஒருவருக்குத் தாகம் வந்தது, மருந்துக்கடை மாமா சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். நான் உள்ளே போனேன். கால் சாம்பல் நிறத்தில் தோலுரிந்து கிடந்தது. மூக்கைப் பொத்த வேண்டும் போலிருந்தது, பொத்தினால் ஒரு கைதான் மிச்சம். இரண்டு கையாலும் குதிகாலை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, கழுவி முடிக்கும்வரை அப்படியே நின்றேன்.

அம்மா இப்போது உள்ளே அவர் பக்கத்தில் இருக்கிறாள். உங்கள் இருவருக்கும் கடவுள் குறையில்லாத உடம்பைக் கொடுக்கட்டும் என்று ஆசி சொல்லச் சொன்னாள். அப்பாவும் முனகிக்கொண்டே ஆசி சொன்னார். போன் செய்தால், எப்போது ஓட்டலாம் என்று மட்டும் அவரிடம் கேட்டுவிடாதே.

மூன்று தடவை சோப்புப் போட்டுக் கை கழுவிவிட்டு எழுதிய,
உன் தங்கை