பொழுது சாய்வதற்குள் ஒரு மாத்திரை

பிரமிளா,

வாசல்வரை போய்ப் போய்த் திரும்பி வந்தேன். நீ அசந்து தூங்குகிறாய், எழுப்ப மனம் வரவில்லை. தேவிகாபுரம் போய்விட்டு வெயில் இருக்கும்போதே வந்துவிடுவேன்.

முழங்கால் ஆபரேஷன் ஆனதிலிருந்து, இரவுச் சாப்பாட்டுக்குப் பின் போடச் சொன்ன வலி மாத்திரையை நீ தொடவே இல்லை. சமண நெறிப்படி பொழுது சாய்ந்தால் நம் வீட்டில் தண்ணீர்கூட வாயில் படாது என்பதை டாக்டரிடம் நாம் இருவருமே சொல்லவில்லை. காலையில் நான் போன் செய்தேன். "இத முன்னாடியே சொல்றதுக்கு இன்னாங்க? சாயங்காலம் சாப்பிட்டதும் போடச் சொல்லுங்க. வலி ஏறினப்புறம் போட்டா லேசுல அடங்காது" என்றார்.

இட்லி ஹாட்பாக்ஸில் இருக்கிறது. வெளிச்சம் இருக்கும்போதே சாப்பிட்டு, தட்டருகே வைத்த மாத்திரையைப் போடு. எனக்காகக் காத்திருக்காதே.

முழங்காலை மடக்கிப் பயிற்சி கொடுக்க மணிமேகலை வருவாள். சாவி பக்கத்து வீட்டில் இருக்கிறது, அவளே திறந்துகொள்வாள். வலிக்கிறதா என்று கேட்டால் "பரவால்லம்மா" என்று சொல்லாதே.

ஜீவந்தரன்

பி.கு.: நேற்று, "நோவு எனக்குத்தான, உங்களுக்கு இன்னா?" என்று கேட்டாய். நான் புத்தகத்தைப் பிரித்துக்கொண்டேன். நீ முனகும்போது அதில் ஒரு பக்கம்கூட நான் புரட்டியதில்லை.