கல்லறை எண் பன்னிரண்டு

மார்ச் 3, 2009, செவ்வாய்

மாவட்டத்துக்கு அனுப்ப வேண்டிய வருடாந்தரப் படிவத்தை முடித்தேன். மக்கள் தொகை 214. பிறப்பு இல்லை. இறப்பு மூன்று. குடிவந்தவர் ஒருவர், பேக்கரிக்காரர் கட்டிக்கொண்டு வந்த பெண்.

பரப்பளவு ஐம்பத்தொன்பது சதுர கிலோமீட்டர் என்று எழுதும்போது ஒவ்வொரு வருடமும் எனக்குச் சிரிப்பு வருகிறது. ஏரியையும் பாறையையும் கழித்துவிட்டால் மிஞ்சுவது மூன்று வரிசை வீடுகளும் ஒரு சாலையும்தான். செத்தவர்களுக்குத் தேவாலயத்துக்குப் பின்னால் நாற்பத்தாறு குழிகள். நாற்பத்தேழாவதைத் தோண்டினால் ஒன்று பாறை, இல்லாவிட்டால் தண்ணீர்.

அதனால் இங்கே எல்லோருக்கும் இருபது வருடம்தான். அதன்பின் எலும்பை எடுத்துப் பீடத்துக்கு அடியிலுள்ள அறையில் வைத்துவிட்டு அடுத்தவருக்கு இடம் கொடுக்க வேண்டும். எது பழையதோ அது முதலில். ஹோட்டல் முதலாளியானாலும் மாடு மேய்த்தவனானாலும் நீட்டிப்பு கிடையாது. முப்பத்திரண்டு வருடமாக அந்தக் கடிதங்களை எழுதுவது நான். 'தங்கள் தந்தையாரின் காலம் நிறைவடைந்தது.' எத்தனை பேர் இந்த மேசைக்கு முன் அழுதிருக்கிறார்கள். விதி விதிதான் என்று சொல்லி அனுப்பியிருக்கிறேன்.

இப்போது பழையது எண் 12. என் மகன் வாலெண்டின்.

மார்ச் 9, திங்கள்

எனக்கு நானே அந்தக் கடிதத்தை எழுதி, கோப்பில் சேர்த்தேன். மண்ணில் இருபது வருடம் ஏழு மாதம் இருந்தான். வாழ்ந்தது பத்தொன்பது. ஊர் அவனுக்குக் குறை வைக்கவில்லை.

மார்ச் 17, செவ்வாய்

கோர்பினியான் லோய்டலுக்கு இனி ஒன்றும் செய்வதற்கில்லை என்று மருத்துவமனையில் சொல்லி வீட்டுக்கு அனுப்பிவிட்டார்களாம். புற்று ஈரல் முழுக்கப் பரவிவிட்டது. ஈஸ்டர் வரை தாங்காது என்கிறார்கள்.

வீட்டுக்கு வந்து உட்கார்ந்த பிறகுதான் உறைத்தது. அடுத்த சாவு அவன். அடுத்த குழி பன்னிரண்டு.

மார்ச் 18

இல்லை. யாருக்கு வேண்டுமானாலும் தருகிறேன். அவனுக்கு மாட்டேன்.

மார்ச் 22, ஞாயிறு

எழுதியே விடுகிறேன். எண்பத்தெட்டு ஆகஸ்டில் அக்கரையிலிருந்து கல் ஏற்றி வரப் படகெடுத்துப் போனவன் கோர்பினியான். உதவிக்கு என் மகனைக் கூட்டிப் போனான். மலையிலிருந்து காற்று இறங்கப் போகிறது என்று கரையில் எல்லோரும் சொன்னார்கள். "அதுக்குள்ள வந்துருவோம்"னு சொல்லிட்டுப் போனான். அவன் வந்தான். வாலெண்டினை ஒன்பது நாள் கழித்து ஏரி கொடுத்தது. அடுத்த வருடமே என் கணவர் சால்ஸ்பர்க்குக்குப் போய்விட்டார், ஏரியைப் பார்க்க முடியவில்லை என்று. நான் பார்த்துக்கொண்டே இருக்கிறேன்.

அந்தப் பாவி என் பிள்ளையைத் தண்ணியில தள்ளினது போதாதா? இப்ப மண்ணுல இருந்தும் தள்ளிட்டு அவன் படுக்கணுமா?

மார்ச் 26, வியாழன்

குழி தோண்டும் கெப்ஹார்ட் அலுவலகத்துக்கு வந்தான். தொப்பியைக் கழற்றாமல் நின்றான்.

"பூர்கி, கோர்பினியான் உன்னப் பாக்கணுங்கிறான்."

"எதுக்கு?"

"ஏதோ சொல்லணுமாம். நான் கேக்கல."

"இருபது வருஷமா வாய் எங்க போச்சு அவனுக்கு?"

"சாகப் போறவன்கிட்ட கணக்குப் பாக்காத."

"நீ உன் வேலையப் பாரு கெப்ஹார்ட்."

மார்ச் 27

போகவில்லை.

ஏப்ரல் 2, வியாழன்

கல்லறைப் பதிவேட்டைக் கணினியில் ஏற்றும்படி மேயரம்மா போன வருடமே சொன்னார். இன்று ஏற்றினேன். பழைய ஏட்டை அலமாரியில் வைத்துப் பூட்டினேன்.

எண் 31, ஸ்தோயான் வுக்கோவிச். மேலே சுரங்கச் சாலை போட்டபோது பாறை விழுந்து செத்தவர், போஸ்னியாக்காரர். 1991 நவம்பர். நான் 1987 என்று அடித்தேன்.

கை தவறவில்லை. தெரிந்தேதான் அடித்தேன். எண்பத்தெட்டு, எண்பத்தொன்பதில் புதைத்தவர்களின் வீட்டார் எல்லோரும் இங்கேயே இருக்கிறார்கள், தேதியை மறக்க மாட்டார்கள். வுக்கோவிச்சுக்கு யார் இருக்கிறார்கள்? நட்ட சிலுவைகூட மக்கி விழுந்துவிட்டது. ஒரு விளக்கு ஏற்றி நான் பார்த்ததில்லை.

அடுத்தவர் யாராவது செத்தால் பன்னிரண்டைக் கொடுத்துவிடுவேன். ஒரே ஒரு சாவு தள்ளிப்போகும், அவ்வளவுதான்.

ஏப்ரல் 6, திங்கள்

விடிகாலையில் கோர்பினியான் போய்விட்டான். 213.

ஏப்ரல் 7, செவ்வாய்

மேயரம்மா திரையைப் பார்த்துவிட்டு, "முப்பத்தொண்ணா? உன் பையனோடதுதானே அடுத்ததுன்னு நெனச்சேன்" என்றார்.

"நானும் அப்படித்தான் நெனச்சேன். ஏத்தும்போதுதான் தெரிஞ்சது, இது விட்டுப்போயிருக்கு."

"நல்லவேளை" என்று என் தோளைத் தொட்டார். அந்தக் கை இன்னும் தோளிலேயே இருக்கிற மாதிரி இருக்கிறது.

ஏப்ரல் 8, புதன்

மதியம் கெப்ஹார்ட் வந்தான். பூட்ஸைத் துடைக்கவில்லை. கதவைச் சாத்தினான்.

"முப்பத்தொண்ணுக்கு எந்த வருஷம் போட்டிருக்க?"

"எண்பத்தேழு."

"இங்க களிமண்ணு. தண்ணி ஊறுற மண்ணு. இருபத்தொரு வருஷத்துல எப்படி இருக்கும், பதினேழுல எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியும். இந்த ஆளு இன்னும் முடியல பூர்கி."

நான் திரையை அணைத்தேன். அவன் நிறுத்தவில்லை.

"நாளைக்குப் பத்து மணிக்கு அடக்கம். மூடிட்டு வேற தோண்ட எனக்கு நேரம் இல்ல. பெட்டியில போட்டுப் பீடத்துக்குக் கீழ வெச்சிருக்கேன். தனியாத்தான் எடுத்தேன், யாரையும் கூட நிக்க விடல."

"கெப்ஹார்ட்..."

"எங்கிட்ட எதுவும் சொல்லாத. சொன்னா எனக்கும் தெரிஞ்சதாயிரும்."

அவன் போன பிறகு தரையில் கிடந்த மண்ணை நானே கூட்டினேன்.

ஜூன் 8, திங்கள்

யாரும் சாகவில்லை. வாலெண்டினுக்குப் புதிதாகப் பூச்செடி வைத்தேன். மகிழ்ச்சியாக இருக்கும் என்று நினைத்தேன். முப்பத்தொன்றைத் தாண்டித்தான் தண்ணீர்க் குழாய்க்குப் போக வேண்டியிருக்கிறது.

ஆகஸ்ட் 20, வியாழன்

ஸ்வீடனிலிருந்து ஒரு கடிதம். மிலேவா வுக்கோவிச், வயது இருபத்து நான்கு, மருத்துவமனையில் தாதி. அப்பா இறந்தபோது அவளுக்கு ஆறு வயது. பிறகு போர், முகாம், அந்நிய நாடு. அம்மா போன வருடம் தவறிவிட்டாராம்.

எழுதியிருப்பதை அப்படியே இங்கே வைக்கிறேன்: 'உங்கள் ஊரில் இருபது வருட விதி உண்டு என்று அம்மாவுக்குத் தெரியும். 2011 நவம்பர் வரை இவரை யாரும் தொட மாட்டார்கள் என்று நீங்கள் எழுதிய கடிதத்தை முகாமிலும் பத்திரமாக வைத்திருந்தார். அதற்குள் வந்துவிடு என்றுதான் கடைசியாக என்னிடம் சொன்னார். அக்டோபரில் வருகிறேன்.'

கூடவே நகல். என் கையெழுத்து. வால்புர்கா ஹின்டரெகர், ஊராட்சிச் செயலர். அப்போது என் மகன் போய் மூன்று வருடம். ஒரு விதவைக்கு ஆறுதலாக இருக்கட்டும் என்று விதியில் இல்லாத ஒரு வரியையும் சேர்த்திருக்கிறேன்: 'என் சொந்தப் பொறுப்பில் பார்த்துக்கொள்கிறேன்.'

எழுதியதே மறந்துபோயிருக்கிறது. சீ.

ஆகஸ்ட் 24, திங்கள்

மேயரம்மாவிடம் பழைய ஏட்டைக் காட்டிச் சொல்லிவிட்டேன். ஏட்டை மூடி என் பக்கம் தள்ளினார்.

"லோய்டல் வீட்டுக்கு எப்படிச் சொல்லுவேன், பூர்கி? திருட்டுக் குழியில உங்கப்பன் படுத்திருக்கான்னா?"

ராஜினாமாக் கடிதத்தையும் கொடுத்தேன். வாங்கிக்கொண்டார். வேண்டாம் என்று சொல்லவில்லை.

அக்டோபர் 12, திங்கள்

வந்தாள். உயரமான பெண், சிவந்த கைகள். பஸ் நிலையத்திலிருந்து நேராகக் கல்லறைக்குக் கூட்டிப் போய், வழியிலேயே எல்லாவற்றையும் சொன்னேன். நின்றால் சொல்ல முடியாது போல இருந்தது.

முப்பத்தொன்றின் முன் நின்றாள். அவளுக்குத் தெரிந்த ஜெர்மன் கொஞ்சம்தான், ஆனால் தெளிவு.

"இப்ப இங்க இருக்கறது யாரு?"

"நான் வெறுத்த ஒரு ஆளு."

"உங்க பையன் எங்க?"

காட்டினேன். பூச்செடியைப் பார்த்தாள், கல்லைப் பார்த்தாள், தேதியைப் படித்து விரல் விட்டு எண்ணினாள்.

"இவருக்குக் காலம் முடிஞ்சிருச்சு."

"ஆமா."

"எங்கப்பாவுக்கு இன்னும் ரெண்டு வருஷம் இருக்கு."

"ஆமாம்மா."

"அப்ப இதத் திறங்க."

அவள் குரலில் கோபமே இல்லை. இருந்திருந்தால் நான் பிழைத்திருப்பேன். எத்தனை பேரிடம் இதே குரலில் நான் விதியைச் சொல்லியிருக்கிறேன்.

அக்டோபர் 14, புதன்

கெப்ஹார்ட் தோண்டினான். போகச் சொன்னான், போகவில்லை. என் பிள்ளை சுத்தமாக முடிந்திருந்தான். காலம் சரியாகத்தான் இருந்திருக்கிறது. எலும்பு இவ்வளவு லேசாக இருக்கும் என்று தெரியாது. துணியில் சுற்றி நானே கீழே கொண்டுபோனேன். மேலே வந்தபோது வுக்கோவிச்சின் பெட்டியை இறக்கிக்கொண்டிருந்தார்கள். மிலேவா மண் அள்ளிப் போட்டாள், பிறகு ஒதுங்கி எனக்கு வழிவிட்டாள். நானும் போட்டேன்.

அக்டோபர் 15

பஸ் ஏறுவதற்கு முன் சொன்னாள்: "அடுத்த மாசம் புனிதர் நாளுக்கு என்னால வர முடியாது. அப்பாவுக்கு ஒரு விளக்கு ஏத்துவீங்களா?"

ஏன் என்னிடம் கேட்கிறாள் என்று கேட்கவில்லை. சரி என்றேன்.

நவம்பர் 1, ஞாயிறு

எல்லோரும் அவரவர் குழி முன்னால் நின்றார்கள். லோய்டல் வீட்டார் என் பக்கம் திரும்பவில்லை. மழை வேறு. விளக்கு இரண்டு முறை அணைந்தது, மூன்றாம் முறை பிடித்தது.

பாதிரியார் வரிசையாகத் தீர்த்தம் தெளித்துக்கொண்டு வந்தார். இந்த வருடம்தான் ஊருக்குப் புதிதாக வந்தவர், பெயர்கள் தெரியாது. பன்னிரண்டின் முன் நின்று, "யாருக்காகம்மா வேண்டணும்?" என்று கேட்டார்.

"ஸ்தோயான் வுக்கோவிச்."

"உங்களுக்கு உறவா?"

"இல்லை சாமி."

தெளித்துவிட்டு அடுத்த குழிக்குப் போனார். வேறு யாருக்காவது வேண்டணுமா என்று அவர் கேட்கவில்லை. நானும் வாலெண்டின் பெயரைச் சொல்லவில்லை.