தீவில் கை நனைத்த நங்கையாவுக்கு

மருமகள் ஆவாரம்பூப் பொடி வாங்கி வந்திருக்கிறாள், நங்கையா. சர்க்கரைக்கு நல்லதாம். பொட்டலத்தைப் பிரித்ததும் அந்த வாசம் என்னை அணைக்கு நடுவே இருக்கும் தீவில் கொண்டுபோய் இறக்கிவிட்டது.

என் வீட்டுக்காரருக்கு அக்கா நீங்கள். என் மகளின் சீரில் பரிமாறியவன் உங்களுக்குரிய முதல் இலையை வேறு யாருக்கோ போட்டுவிட்டான். “இனி உன்ற ஊட்ல கை நனைக்க மாட்டேன்” என்று சபை நடுவே சொல்லிவிட்டுப் பசியோடு போனீர்கள். அப்போது யார் யார் சிரித்தார்கள் என்பதுகூட எனக்கு மறக்கவில்லை. அதோடு நம் பேச்சு நின்றது.

தொண்ணூறுகளில் ஒரு தைப்பொங்கல். பூப்பறிக்கிற நோன்புக்கு ஊர்ப் பெண்கள் பவானிசாகர் அணையில் பரிசல் ஏறினோம். வேண்டுமென்றே நம் இருவரையும் ஒரே பரிசலில் உட்கார வைத்தார்கள். நீங்கள் வடக்கே பார்த்தீர்கள், நான் தெற்கே பார்த்தேன்.

தீவைச் சுற்றிலும் மணல். கடல் பார்க்காத நமக்கு அதுவே கடற்கரை. ஈரத்தில் மான் குளம்பும் மயில் காலும் பதிந்திருந்தன. நீர்நாய் தின்றுபோட்ட மீன்தலையை நாரை கொத்திக்கொண்டிருந்தது. பாறைமேல் ஓர் ஆமை. “என்ற தம்பியாட்டவே வெயில் காயுது பாருங்க” என்று யாரிடமோ சொன்னீர்கள். சிரிப்பை அடக்க நான் பட்ட பாடு!

கரும்பையும் சோறு கொண்டுவந்த தூக்குப்போசிகளையும் கரையிலேயே வைத்துவிட்டு ஆவாரம்பூப் பறிக்கப் போனோம். அதுதான் பிசகு. காட்டுப்பக்கத்திலிருந்து ஒரு யானை தும்பிக்கையைத் தூக்கியபடி நீந்தி வந்தது, கூடவே குட்டி. கரையில் நின்றது ஒரு பரிசல்தான், அதில் எல்லோருக்கும் இடமில்லை. “கொமரிப் புள்ளைகள மொதல்ல ஏத்துங்க” என்று அதட்டினீர்கள். மிஞ்சியது நாம் இருவர். பாறைக்குப் பின்னால் ஒண்டினோம். யானை கரும்பைத் தின்ன, குட்டி உங்கள் தூக்குப்போசியை மிதித்து நசுக்கியது.

யானை போகாமல் பரிசல் வராது. பொழுது சாய்ந்தது. அப்போதே சர்க்கரைக்கு மாத்திரை தின்கிறவர் நீங்கள். கை நடுங்கியது, உதடு வெளுத்தது. என் மடியில் புளிச்சோற்றுப் பொட்டலம் இருந்தது.

“சாப்புடுங்க நங்கையா.”

“மாட்டேன். சொன்னது சொன்னதுதான்.”

“செத்துப்போனீங்கன்னா உங்க தம்பிக்கு நான் என்னங்க சொல்றது?”

“வீம்புல செத்தாள்னு சொல்லு. நம்ம குடும்பத்துக்கு அது புதுசா?”

கண் செருகியது. நான் சோற்றை உருட்டி உங்கள் வாயருகே பிடித்தேன். மெதுவாகத் தீவைச் சுற்றிப் பார்த்தீர்கள்.

“ஏம்புள்ள, இது உன்ற ஊடா?”

“இல்லீங்க.”

“கவர்மெண்டு எடந்தானே?”

“ஆமாங்க.”

“அப்பறம் என்ன, குடு.”

யானை இறங்கிப் போய்ப் பரிசல் வந்தபோது பொட்டலம் காலி. “புளி கம்மி” என்றீர்கள். அதையும் நான் மறக்கவில்லை.

பேச்சு திரும்பியது, சபதம் திரும்பவில்லை. கோயில் மண்டபம், பஸ் ஸ்டாண்டு, கிணற்று மேடு என்று எங்கே கொண்டுவந்து கொடுத்தாலும் என் சோற்றைச் சாப்பிட்டீர்கள், என் வீட்டில் மட்டும் இல்லை. கடைசிக் கஞ்சியையும் ஆஸ்பத்திரிக் கட்டிலில்தான் ஊட்டினேன். ஒரு வாய் என் வீட்டில் உண்டிருந்தால் என்ன குறைந்திருக்கும்? அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

போன அமாவாசைக்கு, உங்கள் தம்பி ஆசைப்பட்டார் என்று மருமகள் கூடத்தில் உங்களுக்கு இலை போட்டாள். நான் தடுத்துவிட்டேன்.

“அவங்க உள்ள சாப்புட மாட்டாங்க கண்ணு. காம்பவுண்டுக்கு வெளிய போடு.”

காக்கை வரும்வரை நாய் நெருங்காமல் நானே இலைக்குக் காவல் உட்கார்ந்தேன்.