இந்த ஞாயிறு காடு அவளுக்கு

எழுந்ததும் இதைப் படியுங்கள்.

உங்கள் பெண்டாட்டி காட்டுக்குப் போயிருக்கிறாள். வண்டிச் சாவி அவளிடம். உங்கள் தொப்பி அவள் தலையில். தன் போனை அணைத்து அரிசி டப்பாமேல் வைத்திருக்கிறாள். குழந்தை காய்ச்சலில் அனத்திய ஞாயிறன்று உங்களைக் கூப்பிட்டுக் கூப்பிட்டு அவள் விரல் தேய்ந்தது. சாயங்காலம் வந்து, "மரத்துக்கு நடுவுல போன் எதுக்கு?" என்று சிரித்தீர்கள். அவள் மறக்கவில்லை.

மதியம் உங்கள் மேனேஜர் குடும்பத்தோடு சாப்பிட வருகிறார். அவளை ஒரு வார்த்தை கேட்காமல் கூப்பிட்டது நீங்கள், சமையலும் நீங்களே. காய் கூடையில் இருக்கிறது, நறுக்கவில்லை. குழந்தைக்கு மட்டும் பால் காய்ச்சி வைத்திருக்கிறாள்.

"காத்தாட நடந்தா மனசு லேசாயிடும், உனக்கெல்லாம் புரியாது" என்று வாராவாரம் தனியாகக் காட்டுக்குக் கிளம்புவீர்கள். போன வாரம் குழந்தையைப் பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டு அவளும் போய்ப் பார்த்தாள். வாஸ்தவம்தான். தலைவலி போன இடம் தெரியவில்லை. ராத்திரி மாத்திரை இல்லாமல் தூங்கினாள். அதில்தான் கோபம் இன்னும் ஏறியது. இத்தனை நல்லதை இத்தனை வருஷம் நீங்கள் மட்டும் வைத்துக்கொண்டீர்களே!

பி.கு.: "வீட்டம்மா எங்க?" என்று மேனேஜர் கேட்டால், மனசு லேசாகப் போயிருக்கிறாள் என்று சொல்லுங்கள். எப்போது வருவாள் என்று கேட்டால், நேரமாகும் என்று சொல்லுங்கள். ரொம்பக் கனம் இருக்கிறது.