இல்லாத குதிரையின் நிறம்

மார்ச் 3
அவருக்குப் பக்கவாதம் வந்து ஏழு வாரம். நடை திரும்பிவிட்டது, பேச்சு திரும்பவில்லை. பேச்சுப் பயிற்சி கொடுக்கும் பெண், "பழகின இடத்துக்குக் கூட்டிட்டுப் போங்கம்மா. ஆத்தங்கரைதான் இருக்கே" என்றாள். இருக்கிறது. சுற்றுலா வந்தவர்களை அந்தக் கரையோரம் அழைத்துப்போய் இருபத்தாறு வருடம் கதை சொன்னவர் அவர். நான் ஒருநாளும் கூடப் போனதில்லை. கல்லூரியில் சரித்திரம் நடத்துகிறவள் காது கொடுத்துக் கேட்கும்படியாக அங்கே எதுவும் சொல்லப்படவில்லை.

மார்ச் 4
நாத்தனார் போனில்: "அண்ணனப் பேச விட்டாத்தானே அண்ணி பேசுவாரு." வைத்துவிட்டேன். கொஞ்சம் நிஜமோ?

மார்ச் 6
நடந்தோம். உலகமே பார்க்க வருகிற ஆறு, வீட்டிலிருந்து பத்து நிமிடம். படம் வரைகிறவர்கள், பழைய புத்தகக் கடைகள், யாரும் பார்க்கவில்லை என்று நம்பும் காதலர்கள். வயலின்காரர் இவரைக் கண்டதும் பாதிப் பாட்டில் நிறுத்திவிட்டுக் கையைப் பிடித்துக்கொண்டார்.

படித்துறை, மணிக்கூண்டு என்று ஒவ்வோர் இடத்திலும் இவர் நின்றார். பழைய பாலத்தில் அதிக நேரம். உதடு அசைந்தது. எனக்குத் தெரியாதா? அக்கரைக் காதலியைப் பார்க்கக் குதிரையோடு வெள்ளத்தில் குதித்த இளவரசன் கதை. அப்படி ஒருவன் பிறக்கவே இல்லை என்று சாப்பாட்டு மேசையில் எத்தனை சண்டை.

மார்ச் 9
பாலத்தில் இவருக்குப் பதிலாக நானே பேசிப் பார்த்தேன். கட்டிய வருடம், இரும்பு வந்து இறங்கிய துறைமுகம், இரண்டு முறை பழுது பார்த்தது, எல்லாம் ஆதாரத்தோடு. இவர் ஆற்றைப் பார்த்துக்கொண்டிருந்தார், என் மாணவர்கள் ஜன்னலைப் பார்ப்பதுபோல.

மார்ச் 10
மழை. போகவில்லை. வீட்டில் கொஞ்சம் அமைதி வேண்டும் என்று வருடக்கணக்காகக் கேட்டேன். கிடைத்துவிட்டது. பிடிக்கல. இப்படியே போயிடுமோ? அந்தக் குரல இனிமே நான் கேக்கவே—

மார்ச் 14
வெட்கத்தை விட்டேன். பாலத்தில் தெரிந்தவர்கள் யாருமில்லை என்று பார்த்துக்கொண்டு ஆரம்பித்தேன். "ஒரு இளவரசன் இருந்தானாம். கறுப்புக் குதிரையில வந்தானாம்…"

என் மணிக்கட்டைப் பிடித்து அழுத்தினார். வாய் கோணியது. வெகுநேரம் முயன்றார்.

"வெ… ள்ள."

"என்னங்க?"

"வெள்ள." எரிச்சலோடு.

இரண்டு மாதத்துக்குப் பிறகு முதல் வார்த்தை. நடக்காத சம்பவத்தில் நான் விட்ட பிழையைத் திருத்தியிருக்கிறார். பாலத்துக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு அழுதேன். இவர் பொறுமையாக நின்றார், கதையின் மிச்சத்துக்காக.

மார்ச் 15
"ஒரு பொய்யக்கூட ஒழுங்காச் சொல்லத் தெரியலயா அண்ணி?" என்றாள் நாத்தனார். அவளுக்கும் குரல் உடைந்தது.

ஏப்ரல் 20
ஞாயிறு. பாலத்தில் நல்ல கூட்டம். இவர் ஒரு வார்த்தை சொல்ல, நான் ஒரு வாக்கியமாக நீட்ட, கதை நடந்தது. கேட்க ஏழு பேர் நின்றுவிட்டார்கள். குதிக்கிற இடத்தை மட்டும் இவர் எனக்கு விட்டுக்கொடுக்கவில்லை. தானே சொன்னார், நான்கு வார்த்தையில்.

கண்ணாடி போட்ட ஒருவர் குறிப்பேட்டைத் திறந்தார். "இது நெஜமாவே நடந்ததுங்களா?"

இவர் என்னைப் பார்த்தார்.

"நடந்ததுதான். நான் காலேஜ்ல சரித்திரம் நடத்துறேன்" என்றேன்.

"எந்த வருஷம்?"

வருடமும் சொன்னேன்.